மௌனத்தைக் கலைத்த மாது

டி.டி.ரி. என்ற மருந்தின் பெயரை உங்கள் வீட்டு முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலேரியாவை ஒழிக்க 1946ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வீடு வீடாகத் தெளிக்கப்பட்டது அது. நுளம்பைக் கொன்று எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதே மருந்தை வரைமுறையின்றி வயலிலும் காட்டிலும் கொட்டினால் என்ன விளையும்? அதை உலகறியச் செய்தவர் றேச்சல் கார்சன் அம்மையார்.

1907 மே 27இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர் இவர். பறவைகளையும் பூக்களையும் நேசிக்கக் கற்றுக்கொடுத்தவர் தாயார். 1932இல் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தை மறைய, குடும்பச் சுமை இவர் தோளில் விழுந்தது. அரசாங்க மீன்பிடிப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். 1937இல் சகோதரியும் இறக்க, அவரது இரு பெண் பிள்ளைகளைத் தாயாரோடு சேர்ந்து வளர்த்தார். திருமணம் செய்யவில்லை. 1951இல் கடலைப் பற்றி எழுதிய நூல் பெரும் புகழ் தந்தது. 1957இல் அப்பெண்களில் ஒருவர் இறந்தபோது, அவரது ஐந்து வயது மகனையும் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்.

1958இல் ஒரு சிநேகிதியின் கடிதம் வந்தது. விமானத்திலிருந்து நுளம்புக்குத் தெளித்த மருந்தால் தம் வளவில் பறவைகள் செத்து விழுந்தன என்று அவர் எழுதியிருந்தார். அம்மையார் நான்கு ஆண்டுகள் சான்றுகளைத் திரட்டினார். மரத்துக்கு அடித்த மருந்து இலையில் தங்குகிறது. உதிர்ந்த இலையை மண்புழு தின்கிறது. புழுவைத் தின்ற ரொபின் பறவை மடிகிறது. உயிருக்கு உயிர் நஞ்சு கைமாறுவதை இவ்வாறு விளக்கினார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1960இல், மார்புப் புற்றுநோய் பற்றிக்கொண்டது. வலியோடு எழுதி முடித்த 'மௌன வசந்தம்' 1962 செப்டெம்பரில் வெளியாயிற்று. இரசாயனக் கம்பனிகள் சீறின. உணர்ச்சிவசப்பட்ட பெண் என்று ஏளனம் செய்தனர் சிலர். தம் நோயை அறிந்தால் எழுத்தின் நேர்மையைச் சந்தேகிப்பார்களே என்று அதை அவர் மறைத்தார். 1963இல் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு அவர் கருத்தைப் பெரிதும் ஆதரித்தது. செனட் குழுவின் முன்னும் அமைதியாகச் சாட்சியம் சொன்னார். மறு ஆண்டு ஏப்ரல் 14இல், 56 வயதில் கண்மூடினார்.

பயிர்களுக்கு டி.டி.ரி. தெளிப்பதை 1972இல் அமெரிக்கா தடை செய்தது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

மருந்தே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கண்டபடி தெளித்தால் பூச்சிகள் அதற்குப் பழகிவிடும் என்றும் எச்சரித்தார். இலங்கை நுளம்புகளும் டி.டி.ரி.க்குப் பழகிப்போக, 1970களில் மலத்தியோனை நாட வேண்டியதாயிற்று.

வாசகரே, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மருந்தடிக்கும்போது இம்மாதை நினையுங்கள். போத்தலில் எழுதியுள்ள அளவை வாசியுங்கள். அந்த மண்ணில் புழுவும், அந்தக் கிணற்று நீரில் உங்கள் பிள்ளைகளும் வாழ வேண்டுமல்லவா?