ஏ.ஏ. என்ற இரண்டு எழுத்து



எங்க ஆனையூர் குழுவில் இலை அச்சு வாழ்த்து அட்டை செய்யப் பழகியபோதுதான், அன்னா அட்கின்ஸ் என்ற அம்மாவைப் பற்றித் தெரிஞ்சுக்கிட்டேன்.

அவர் 1799ல் இங்கிலாந்தில் பிறந்தார். சின்னக் குழந்தையிலேயே தாயை இழந்தார். அப்பா ஒரு விஞ்ஞானி. பெண்பிள்ளைகளுக்கு அறிவியல் படிப்பு எட்டாத அந்தக் காலத்தில், மகளைப் பக்கத்தில் வைத்தே சொல்லிக் கொடுத்தார். அவர் மொழிபெயர்த்த சிப்பி பற்றிய நூலுக்கு, மகள் 200க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். 1825ல் கல்யாணம் ஆனது. பிள்ளை இல்லை. செடி சேகரிப்பதை மட்டும் அவர் விடவே இல்லை.

1842ல் குடும்ப நண்பர் ஜான் ஹெர்ஷல் நீல அச்சு முறையைக் கண்டுபிடித்தார். பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு இரண்டையும் தண்ணீரில் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் காயவைக்கணும். அதன்மேல் பாடம் பண்ணின இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைக்கணும். பிறகு தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலமாகும்; இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். நான் அவசரப்பட்டுச் சீக்கிரமே எடுத்ததில், முதல் வேப்பிலை அச்சு தண்ணீரோடயே போயிருச்சு!

அன்னா அம்மா கடல்பாசிகளை இப்படி அச்செடுத்து, 1843 முதல் 1853 வரை பகுதி பகுதியாகப் புத்தகம் வெளியிட்டார். போட்டோ படங்களோடு வந்த உலகின் முதல் புத்தகம் அதுதான் என்கிறார்கள். எழுத்தும் அவர் கையெழுத்தே. அதையும் வெயிலிலேயே அச்செடுத்தார்.

1852ல் அப்பா இறந்தார். துக்கத்தில் இருந்தவரோடு வந்து தங்கியவர், கூடப்பிறந்தவர் போலப் பழகிய தோழி ஆன் டிக்ஸன். இருவரும் சேர்ந்து பெரணிச் செடிகளை அச்செடுத்தார்கள். 1871ல் அன்னா அம்மா காலமானார்.

புத்தகத்தில் அவர் போட்டது ஏ.ஏ. என்ற இரண்டு எழுத்து மட்டும்தான். பின்னாளில் அதைப் பார்த்த ஒருவர், பேர் சொல்லாத யாரோ ஒருவர் செய்தது என்றே நினைச்சுட்டாராம்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. அவங்க முடைஞ்ச ஓலைப்பெட்டி தெருவில் எத்தனையோ வீட்டில் இருந்துச்சு. இது அம்மா செஞ்சதுன்னு காட்ட, இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல.

இப்ப எங்க அட்டைக்குப் பின்னால், செஞ்சவங்க பேரை முழுசா எழுதுறோம். கூடமாட நின்னவங்க பேரையும் சேர்த்துத்தான். நீங்களும் எழுதுங்க, சகோதரிகளே.