சேப்பாக்கத்தில் ஐந்து ஸ்டம்பிங்



எங்க தெருவுல பசங்க கிரிக்கெட் ஆடும்போது எனக்கு பேட்டும் கிடைக்காது, பந்தும் கிடைக்காது. பொம்பளப் புள்ளன்னு சொல்லி ஸ்டம்புக்குப் பின்னாடி நிக்க வெச்சிடுவாங்க. பந்து கருவேல முள்ளுக்குள்ள போனா எடுத்துட்டு வர ஆள் வேணும்ல, அதுக்குத்தான்! அதனால் நிஜமான ஒரு விக்கெட் கீப்பரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் புரோபிர் சென். செல்லப் பெயர் கோகன். 1926 மே 31 அன்று கொமிலாவில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. 17 வயதிலேயே வங்காள அணிக்கு ஆடினார். 1948 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அவருக்கு முதல் டெஸ்ட். அதே தொடரின் கடைசி டெஸ்டில் ஆஸ்திரேலியா 575 ரன் குவித்தது. அதில் அவரைத் தாண்டி பை ஆகப் போனது வெறும் 4 ரன்தான். நம்ம திண்டுக்கல் பூட்டு போட்ட மாதிரி!

இந்தியா டெஸ்ட் ஆட ஆரம்பித்தது 1932-ல். 20 வருஷம் ஆகியும், 24 டெஸ்ட் ஆடியும் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. 25-வது டெஸ்ட் 1952 பிப்ரவரி 6-ல் நம்ம சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் தொடங்கியது. அன்றுதான் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்துபோனார். அதனால் மறுநாள் ஆட்டம் இல்லை.

வினூ மன்கட் இடது கையால் சுழல்பந்து போட்டார். அடிக்கலாம்னு கோட்டை விட்டு இறங்கி வந்தவர்கள் பந்தைத் தவறவிட்டார்கள். திரும்பிக் காலை வைப்பதற்குள் சென் பந்தைப் பிடித்து ஸ்டம்பைத் தட்டிவிட்டார். முதல் இன்னிங்ஸில் இப்படி 4 பேர். அதில் இங்கிலாந்து கேப்டன் காரும் ஒருவர். இரண்டாவது இன்னிங்ஸில் இன்னொருவர். பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதம் அடித்தார்கள். இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்னில் இந்தியாவுக்கு முதல் வெற்றி!

மன்கட் 12 விக்கெட் எடுத்தார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதில் 5 சென் இல்லாமல் கிடைத்திருக்குமா?

சென் மொத்தம் ஆடியது 14 டெஸ்ட். 20 கேட்ச், 11 ஸ்டம்பிங். பேட்டிங்தான் சரியாக வரவில்லை, 165 ரன்தான். 1952-க்குப் பிறகு டெஸ்டில் இடம் இல்லை. ஆனால் ரஞ்சிப் போட்டியில் ஒரிசாவுக்கு எதிராக (1954-55) பேடைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்து போட வந்து ஹாட்ரிக் எடுத்தார்!

1970 ஜனவரி 27 அன்று கல்கத்தாவில் காலமானார். வயது 43தான்.

வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு ஓவர் தரணும்னு பசங்ககிட்ட கேட்டிருக்கேன். பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி