யாத்திரிகர் யுவான் சுவாங்

சீன நாட்டில் லோயாங் நகருக்கு அண்மையில், கி.பி. 600ஆம் ஆண்டளவில், கற்றோர் குடும்பமொன்றில் தோன்றியவர் யுவான் சுவாங். துறவியான தமையனாரைப் பின்பற்றி, அவரும் இளமையிலேயே பௌத்த மடம் புகுந்தார். ஆங்கிருந்த நூல்கள் ஒன்றோடொன்று முரண்படுவதையும், ஆசிரியர்கள் அவற்றிற்குப் பலவாறு பொருள் கூறுவதையும் கண்டு அவர் உள்ளம் அமைதி இழந்தது. புத்தர் அறம் உரைத்த பாரத நாட்டிற்கே சென்று, மூல நூல்களைக் கற்று ஐயம் தீரத் துணிந்தார்.

நாட்டின் எல்லையைக் கடத்தலாகாது என்பது அந்நாளைய அரசாணை. எனினும், 629ஆம் ஆண்டளவில் அவர் மறைவாகப் புறப்பட்டார். பாலைவனத்தில் நீர்ப்பை கைதவறிக் கவிழ்ந்தது. செய்வதறியாது சிறிது தொலைவு திரும்பினார். பாரதத்தை அடையுமுன் கிழக்கு நோக்கி ஓரடியும் வைப்பதில்லை என்று தாம் கொண்ட உறுதி அப்பொழுது நினைவிற்கு வந்தது. உடனே குதிரையை மேற்கே திருப்பினார். ஐந்து நாள் நீரின்றி வாடி, இறுதியில் ஒரு நீர்நிலையைக் கண்டு உயிர் பிழைத்தார்.

பாரதம் அடைந்தவர், புத்தகயை, சாரநாதம், குசிநகரம் முதலிய திருத்தலங்களை வணங்கினார். நாலந்தாப் பல்கலைக்கழகத்தில் முதியவரான சீலபத்திரரிடம் பல்லாண்டு பயின்றார். அச்சீலபத்திரருக்கு ஆசிரியராய் விளங்கிய தருமபாலர் காஞ்சி மாநகரிற் பிறந்தவர். தம் ஆசிரியரின் ஆசிரியரைத் தந்த அவ்வூரையும் யுவான் சுவாங் காண வந்தார்.

640ஆம் ஆண்டளவில், ஆந்திர நாட்டைக் கடந்து அவர் காஞ்சியை அடைந்தார். அப்பொழுது முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் ஆட்சி புரிந்தான். அங்கு நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும், பதினாயிரம் துறவியரும் இருந்தனர் என்றும், மக்கள் அஞ்சாமையும் வாய்மையும் கல்விப் பற்றும் உடையவர் என்றும் அவர் குறித்துள்ளார்.

காஞ்சியிலிருந்து கடல் கடந்து இலங்கை செல்வதே அவர் எண்ணம். ஆனால், அங்கிருந்து வந்த துறவியர், அரசன் இறந்ததையும் நாட்டிற் பஞ்சமும் குழப்பமும் மிக்கிருப்பதையும் தெரிவித்தனர். யுவான் சுவாங் அவர்களோடு சாத்திரப் பொருள்களை ஆராய்ந்தார். சீலபத்திரரிடம் கற்றதினும் மேம்பட்ட விளக்கம் அவர்களிடம் கிட்டவில்லை. ஆகவே, இலங்கைப் பயணத்தைக் கைவிட்டார். பாலையில் உயிருக்கு அஞ்சித் திரும்ப மறுத்தவர், காஞ்சியில் வருந்தாது திரும்பினார். அவர் நாடியது தலங்களின் எண்ணிக்கையன்று, மெய்யறிவே அன்றோ!

தாயகம் திரும்பும் வழியில், சிந்து நதியில் எழுந்த புயலால் ஏறத்தாழ 50 சுவடிகள் நீரில் வீழ்ந்தன. அவர் மனந்தளராது, ஆட்களை அனுப்பி மீண்டும் படியெடுக்கச் செய்தார். 645ஆம் ஆண்டில், 657 நூல்களுடன் சீனத் தலைநகரை அடைந்தார். முன்னர் ஆணையை மீறிச் சென்றவரை, அரசன் அன்புடன் வரவேற்றான்.

பயணம் முடிந்தது; பணி முடியவில்லை. 664ஆம் ஆண்டில் மறையும்வரை, 19 ஆண்டுகள் அவர் மொழிபெயர்ப்பிலேயே ஈடுபட்டார். 75 நூல்கள் சீன மொழியில் உருவாயின. காஞ்சியில் அவர் கண்ட மடங்கள் காலத்தால் மறைந்துவிட்டன. ஆயினும், காஞ்சியிற் பிறந்த தருமபாலரின் கருத்துகளை இன்று நாம் அறியப் பெரிதும் உதவுவன அச்சீன நூல்களே. கற்றதைப் பிறர்க்குப் பயன்படச் செய்தபோதே அவருடைய யாத்திரை நிறைவுற்றது.