நிலாவுக்கு சிக்னல் போவதற்கு முன்பே வானத்தின் கூரையை அளந்தவர்: யார் இந்த சிசிர் குமார் மித்ரா?

மரக்காணம் உப்பளங்கள் பக்கம் இரவில் ஒரு பழைய ரேடியோவைத் திருகிப் பாருங்கள். பகலில் எடுக்காத தூரத்து மீடியம் வேவ் நிலையங்கள் கேட்கும். பூமியோ உருண்டை. நேராகப் போகும் ரேடியோ அலை அவ்வளவு தூரம் எப்படி வளைந்து வருகிறது?

பதில் நம் தலைக்கு மேலே இருக்கிறது. சுமார் 100 கி.மீ. உயரத்திலும் அதற்கு மேலும், சூரியக் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்கடுக்காக இருக்கிறது. இதுதான் அயனி மண்டலம். ரேடியோ அலைகளைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். பகலில் இதன் கீழடுக்கு மீடியம் வேவ் அலைகளை விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு மறைவதால் தூரத்து நிலையங்களும் கேட்கின்றன.

இந்தக் கூரையை இந்தியாவிலிருந்து அளக்கத் தொடங்கியவர் சிசிர் குமார் மித்ரா.

அம்மா சம்பாத்தியத்தில் படித்தவர்

1890-ல் கல்கத்தாவில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். அம்மா, அந்தக் காலத்திலேயே மருத்துவம் படித்தவர். பாகல்பூர் மருத்துவமனையில் வேலை பார்த்தார். அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகும் பிள்ளையின் படிப்பை அம்மா நிறுத்தவில்லை.

1912-ல் எம்.எஸ்சி. முடித்தார். ஆராய்ச்சி செய்ய ஆசை, கையில் காசில்லை. சில ஆண்டுகள் கல்லூரி ஆசிரியராக ஓட்டினார். 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் அழைத்தது. அங்கே நம்ம திருச்சியில் பிறந்த சி.வி.ராமனுடன் ஒளியியல் ஆராய்ச்சி. 1919-ல் டாக்டர் பட்டம். அடுத்து பாரிஸில் இன்னொரு டாக்டர் பட்டம், மேரி கியூரியின் ஆய்வகத்தில் கொஞ்ச காலம்.

ஏன் ரேடியோ?

பிரான்சின் நான்சி நகரில் ரேடியோ வால்வு ஆராய்ச்சியைப் பார்த்தவர், இனி இதுதான் நம் வழி என்று முடிவெடுத்தார். பெயர் வாங்கித் தந்த ஒளியியலை விட்டுவிட்டு, 1923-ல் ஊர் திரும்பி எம்.எஸ்சி.யிலேயே வயர்லெஸ் பாடத்தைக் கொண்டுவந்தார்.

இது வெறும் ஆர்வம் மட்டுமல்ல. அயனி மண்டலம் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும். ஐரோப்பிய வானத்தில் எடுத்த அளவு வெப்பமண்டல நாடான நமக்கு அப்படியே பொருந்தாது. கப்பலோ, ராணுவமோ, ஒலிபரப்போ, எந்த அலைவரிசை எப்போது எட்டும் என்று தெரிய நம் வானத்தை நாமே அளந்தாக வேண்டும்.

1930-ல் மித்ராவும் உடன் பணியாற்றிய ரக்ஷித்தும், கல்கத்தா வானொலி நிலைய அலைகளை வைத்தே மேலே ஈ-அடுக்கு இருப்பதற்கு இந்தியாவில் ஆதாரம் கண்டார்கள்.

நிலாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அலையை அனுப்பு, எதிரொலி வர எவ்வளவு நேரம் என்று பார், தூரத்தைக் கணக்கிடு. அயனி மண்டலத்தை அளக்கவும் இந்த வழி உண்டு, ரேடாருக்கும் இதுதான் அடிப்படை. 100 கி.மீ. உயர அடுக்கைத் தொட்டு வர ஒரு மில்லிசெகண்டு கூட ஆகாது. நிலாவைத் தொட்டு வர சுமார் 2.5 செகண்டு.

ஆனால் ஒரு சிக்கல். கூரை அலையைத் திருப்பிவிட்டால் நிலா வரை எப்படிப் போவது? அதிர்வெண் கூடினால் அலை கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். 1946 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி கடற்கரையில் ஜான் டிவிட் தலைமையிலான ராணுவப் பொறியாளர்கள் அதைச் செய்து காட்டினார்கள். 111.5 மெகாஹெர்ட்ஸ் அலை நிலாவில் மோதித் திரும்பியது. திட்டத்தின் பெயர் டயானா. அவர்களின் ஆன்டெனாவை மேல்நோக்கிச் சாய்க்க முடியாது. அதனால் நிலா எழும்போதும் மறையும்போதும் மட்டுமே சோதனை. ரேடார் வானியல் அங்கே தொடங்கியது.

மித்ரா விட்டுச் சென்றது

அடுத்த ஆண்டே, 1947-ல், வளிமண்டலத்தின் மேலடுக்குகள் பற்றி அதுவரை தெரிந்த அத்தனையையும் திரட்டி மித்ரா எழுதிய பெரிய நூலைக் கல்கத்தாவின் ஆசியக் கழகம் வெளியிட்டது. 1952-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. 1949-ல் அவர் முயற்சியில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ரேடியோ இயற்பியல், மின்னணுவியலுக்குத் தனித் துறையே உருவானது. 1958-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1963 ஆகஸ்ட் 13 அன்று காலமானார்.

நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் உண்டு. ஆனால், அது பூமிக்கு முகம் காட்டாத மறுபக்கத்தில் இருக்கிறது. இங்கிருந்து எந்த ரேடார் அலையை அனுப்பினாலும் மித்ரா பள்ளத்திலிருந்து எதிரொலி வராது.