டி.டி.கே: ஒரே நிதியமைச்சர், இரண்டு ராஜினாமாக்கள், என்ன நடந்தது?

சென்னை ஆழ்வார்பேட்டை பக்கம் வேலை பார்ப்பவர் என்றால், டி.டி.கே சாலை டிராஃபிக்கில் நீங்கள் எத்தனையோ முறை சிக்கியிருப்பீர்கள். டிசம்பர் சீசனில் மியூசிக் அகாடமிக்குப் போனால், அங்கே பெரிய அரங்கத்துக்கும் அவர் பெயர்தான். வீட்டில் பிரஸ்டீஜ் குக்கர் விசில் அடித்தால், அது அவர் குடும்பத்து நிறுவனத்தின் சரக்கு. மாதாமாதம் எல்.ஐ.சி பிரீமியம் கட்டுகிறீர்களா? அந்தப் பணத்துக்கும் அவர் கதையில் ஒரு பெரிய பங்கு இருக்கிறது.

டி.டி.கிருஷ்ணமாச்சாரி, சுருக்கமாக டி.டி.கே. இரண்டு முறை இந்தியாவின் நிதியமைச்சர். இரண்டு முறையும் பாதியிலேயே ராஜினாமா. ஒரு தொழிலதிபர் அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தால் என்னென்ன கேள்விகள் வரும் என்பதற்கு இவ்வளவு முழுமையான உதாரணம் இந்திய அரசியலில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம்தான். அதில் சுவாரஸ்யம் என்னவென்றால், இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குத்தான் பதில் கிடைத்தது.

சோப்பு ஏஜென்சியிலிருந்து டெல்லி வரை

1899-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா உயர் நீதிமன்ற நீதிபதி. மகனும் கோர்ட்டுக்குப் போவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் போனது வியாபாரத்துக்கு. 1928-ல் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். வெளிநாட்டு நிறுவனங்களின் சோப்பு மாதிரியான நுகர்பொருள்களைத் தென்னிந்தியக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் ஏஜென்சி அது. இன்றைய மொழியில் சொன்னால், டிஸ்ட்ரிபியூஷன் பிசினஸ்.

1937-ல் சுயேச்சையாகச் சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். பிறகு டெல்லி, காங்கிரஸ், அரசியல் நிர்ணய சபை. அரசியல் சட்ட வரைவுக் குழுவிலும் இருந்தார். குழுவில் ஒவ்வொருவராக ஏதோ ஒரு காரணத்தால் விலகிப்போக, வேலை முழுவதும் அம்பேத்கரின் தலையில் விழுந்தது என்று சபையிலேயே எழுந்து சொன்னவர் இவர்தான். அரசியலுக்கு வந்தபின் கம்பெனி மகன் கைக்குப் போனது. பின்னால் வரப்போகும் சிக்கலுக்கு விதை இங்கே இருக்கிறது.

லைசென்ஸ் கொடுக்கும் கை

1952-ல் நேரு அவரை வர்த்தகம் மற்றும் தொழில் துறை அமைச்சராக்கினார். அந்தப் பதவிக்கு அப்போது என்ன அதிகாரம் என்று இன்று ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்கும் உங்களுக்குக் கற்பனை செய்வதே கஷ்டம். 1951-ம் ஆண்டின் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பட்டியலில் உள்ள ஒரு தொழிலில் பெரிய ஆலை தொடங்க லைசென்ஸ் வேண்டும். இருக்கும் ஆலையைப் பெரிதாக்க லைசென்ஸ். வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் கொண்டுவர அதற்கும் லைசென்ஸ். போட்டியாளருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை என்றால் சந்தை முழுக்க உங்களுக்குத்தான்.

ஆக, நல்ல சரக்கு தயாரிப்பதைவிட டெல்லியில் நல்ல ஆள் வைத்திருப்பது லாபகரமானது. பெரிய தொழில் குடும்பங்கள் தலைநகரில் தனி அலுவலகம் போட்டு, ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே ஆள் வைத்தார்கள். லாபியிங் என்று இன்று நாம் சொல்வது அந்தக் காலத்தில் இப்படித்தான் வேர்விட்டது.

கார் தொழிலைப் பாருங்கள். இங்கேயே உதிரிபாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாமல் வெறுமனே அசெம்பிள் பண்ணுகிறவர்களுக்கு இனி இடமில்லை என்று அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களின் நடுவில் மூட்டையைக் கட்டின. லாபம் யாருக்கு? பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் போன்ற ஒருசில உள்நாட்டு நிறுவனங்களுக்கு. கொள்கை என்றும் சொல்லலாம், சலுகை என்றும் சொல்லலாம். அந்தக் காலத்து முடிவுகள் பலவற்றுக்கு இந்த இரண்டு முகமும் உண்டு.

ஆனால், டி.டி.கே-வைத் தொழிலதிபர்களின் ஆள் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அவர் காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் முதலில் அடித்ததே அவர் குடும்பம் நடத்திவந்த மாதிரியான இறக்குமதி ஏஜென்சி வியாபாரத்தைத்தான். குக்கர் உள்ளிட்ட பொருள்களைச் சொந்தமாகத் தயாரிக்கும் பக்கம் அந்தக் குடும்பம் திரும்பியது அதற்குப் பிறகுதான். 1956-ல் நிதியமைச்சரானதும் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் கால்டரின் பரிந்துரையை எடுத்துக்கொண்டு, சொத்து வரியும் செலவு வரியும் கொண்டுவந்தார். சொத்து வைத்திருப்பதற்கு வரி, ஆடம்பரமாகச் செலவு செய்தால் அதற்கும் வரி. பணக்காரர்கள் கொதித்துப்போனார்கள்.

முந்த்ரா விவகாரம்

1956 செப்டம்பரில் 245 தனியார் காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி பிறந்தது. லட்சக்கணக்கான சாதாரண மனிதர்களின் சேமிப்பு ஒரே அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதற்கு ஒரு வயது முடிவதற்குள், 1957 ஜூனில், கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி வாங்கியது. தொகை சுமார் 1.25 கோடி ரூபாய். முந்த்ரா அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். நிதித்துறைச் செயலாளர் எச்.எம்.படேலை நேரில் பார்த்து, என்னென்ன பங்குகளை விற்க வேண்டும் என்று அவரே எழுதியும் கொடுத்தார். சில நாள்களில் எல்லாம் முடிந்துவிட்டது. எல்.ஐ.சி-யின் முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை.

விஷயத்தை நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல; காங்கிரஸ் எம்.பி, நேருவின் மருமகன் ஃபெரோஸ் காந்தி. 1957 டிசம்பரில் அவர் ஆதாரங்களோடு எழுந்ததும் அரசால் சமாளிக்க முடியவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளாவைக் கொண்டு ஒருநபர் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாக்ளா கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்கவில்லை. பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்ட வேண்டியிருந்தது. நிதியமைச்சர், அவருடைய செயலாளர், ரிசர்வ் வங்கி ஆளுநர் எல்லோரும் வந்து பதில் சொன்னார்கள். அமைச்சரின் சம்மதத்தோடுதான் செய்தேன் என்றார் செயலாளர். நான் சம்மதம் தரவில்லை என்றார் அமைச்சர். ஒரே அமைச்சகத்தின் இரண்டு தலைகள் ஊர் பார்க்க ஒன்றையொன்று மறுத்தன. ஒரு மாதத்துக்குள் விசாரணை முடிந்தது. 1958 பிப்ரவரியில் அறிக்கையும் வந்துவிட்டது. இன்று கமிஷன்கள் எத்தனை முறை நீட்டிப்பு வாங்குகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

டி.டி.கே இதில் ஒரு பைசா சம்பாதித்தார் என்று சாக்ளா சொல்லவில்லை. ஆனால், செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு, எனக்குத் தெரியாது என்று ஒதுங்க முடியாது என்று முடிவு சொன்னார். டி.டி.கே ராஜினாமா செய்தார். அந்த மாதக் கடைசியில் பட்ஜெட்டை நேருவே வாசிக்க வேண்டியதாயிற்று. முந்த்ரா பிறகு சிறைக்குப் போனார். அரசுப் பணியிலிருந்து வெளியேறிய படேல், 1977-ல் ஜனதா அரசில் நிதியமைச்சராகவே வந்து உட்கார்ந்தார்!

இரண்டாவது முறை

1962-ல் திருச்செந்தூரில் போட்டியே இல்லாமல் ஜெயித்து டி.டி.கே மீண்டும் மக்களவைக்கு வந்தார். மறுபடி அமைச்சர். 1963-ல் காமராஜர் திட்டத்தில் மொரார்ஜி தேசாய் விலக, மறுபடி நிதியமைச்சர். சிறு சேமிப்பாளர்களைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்த யூனிட் டிரஸ்ட், தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் தரும் ஐ.டி.பி.ஐ இரண்டும் 1964-ல் அவர் காலத்தில் தொடங்கியவை. மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி போடுகிறவர்கள் யூனிட் டிரஸ்டை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1965-ல் எதிர்க்கட்சி எம்.பி-க்கள் சிலர் மனு கொடுத்தார்கள். அவருடைய மகன்கள் நடத்தும் நிறுவனங்கள் அவர் பதவியால் பயனடைந்தன என்பது குற்றச்சாட்டு. ஊழல் தடுப்பு பற்றி ஆராய்ந்த சந்தானம் குழுவின் பரிந்துரைப்படி அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள் வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. பதவிக்கு வருமுன் சொத்து, தொழில் விவரங்களைச் சொல்ல வேண்டும், தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும் என்கின்றன அந்த விதிகள். சரி, மத்திய அமைச்சர் அதை மீறினாரா என்று பார்ப்பது யார்? பிரதமர்.

டி.டி.கே அதைத்தான் கேட்டார். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியே பார்த்து, தவறில்லை என்று சொல்லட்டும் என்றார். சாஸ்திரியோ ஒரு நீதிபதியின் கருத்தைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். ஏற்கெனவே ஒரு நீதிபதியின் முன்னால் நின்று பதவியை இழந்தவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. 1965 டிசம்பர் 31-ம் தேதி ராஜினாமா. ரூபாயின் மதிப்பைக் குறைக்கச் சொல்லி வெளியிலிருந்து வந்த அழுத்தத்தை அவர் எதிர்த்துவந்தார், அதனால்தான் அவரைக் காப்பாற்ற யாரும் வரவில்லை என்ற பேச்சும் உண்டு. அவர் போன ஆறாவது மாதம், 1966 ஜூனில், டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 7.50 ஆனது.

ராஜினாமா நடந்த 11-வது நாள் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்துபோனார். முந்த்ரா விவகாரத்துக்குக் கிடைத்த மாதிரி ஒரு பகிரங்க விசாரணை மகன்கள் விவகாரத்துக்குக் கிடைக்கவே இல்லை. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பது அப்படியே நின்றுபோனது. டி.டி.கே பிறகு அமைச்சராகவில்லை. 1974 மார்ச் 7-ம் தேதி சென்னையில் காலமானார்.

அந்த நடத்தை விதிகள் இன்றும் இருக்கின்றன. சட்ட பலம் கிடையாது. மத்திய அமைச்சர்கள் விஷயத்தில் அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் இன்றும் பிரதமர்தான்.