தம் இல்லத்தில் தொடங்கிய சீர்திருத்தம்

கல்கத்தாவின் பாலிகஞ்சில், ஸ்டோர் ரோடு இல்லத்தில் வாழ்ந்தவர் சத்தியேந்திரநாத் தாகூர். ஐ.சி.எஸ். தேர்வில் தேறிய முதல் இந்தியர் அவர். தம் மகள் இந்திரா தேவியுடன் சேர்ந்து அவர் ஒரு வங்க நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது அவருடைய தந்தை மகரிஷி தேவேந்திரநாத் தாகூர் (1817-1905) எழுதிய சுயசரிதை.

மகரிஷி நெடுநாள் வாழ்ந்தவர். ஆயினும் 1898-இல் வெளிவந்த அந்நூல் அவரது 18-ஆம் வயது முதல் 41-ஆம் வயது வரையிலான அகப்போராட்டத்தை மட்டுமே கூறுகிறது.

பெரும் செல்வரான துவாரகநாத் தாகூரின் மூத்த மகன் அவர். கங்கைக் கரையில் பாட்டியார் மரணப்படுக்கையில் இருந்தபோது, கரடுமுரடான பாயில் அமர்ந்திருந்த அவ்விளைஞரின் உள்ளத்தில் செல்வத்தின் மீது வெறுப்பும் இனம்புரியாத ஆனந்தமும் ஒருங்கே எழுந்தன. அந்த ஆனந்தம் மறைந்ததும் அதைத் தேடி மேலைத் தத்துவ நூல்களைக் கற்றார், அமைதி கிட்டவில்லை. ஒருநாள் காற்றில் பறந்து வந்த ஒரு கிழிந்த தாள் அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்தது ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் மந்திரம் என்பதையும் அதன் பொருளையும் ராமச்சந்திர வித்யாவாகீசர் விளக்கினார். தேடியது கிடைத்தது. 1839-இல் தத்துவபோதினி சபையை நிறுவினார். 1843-இல் பிரம்ம சமாஜத்தில் தீக்ஷை பெற்றார்.

கண்ட உண்மையை இல்லத்தில் கடைப்பிடிப்பதே கடினமாயிற்று. 1846-இல் தந்தை லண்டனில் காலமானார். சாளக்கிராமத்தை முன்வைத்துச் சிராத்தம் செய்ய மகரிஷியின் மனம் இடந்தரவில்லை. மறுத்தால் உற்றார் விலகுவர். குழம்பித் தவித்த அவருக்கு, மறைந்த தாயார் கனவில் தோன்றி ஆசி வழங்கினார். உபநிஷத வாக்கியங்களைக் கூறித் தானங்களை அளித்து, கடமையை முடித்தார். உறவினர் பலர் அவரைப் புறக்கணித்தனர்.

அடுத்த சோதனை 1848-இல் வந்தது. குடும்ப வணிக நிறுவனம் வீழ்ந்தது. கடன் ஏறத்தாழ 1 கோடி ரூபாய். வரவேண்டியதோ 70 லட்சம். தந்தை ஏற்படுத்திய அறக்கட்டளைச் சொத்தைக் கடன் கொடுத்தோர் தொட முடியாது. சட்டம் தந்த அந்தப் பாதுகாப்பை ஏற்காமல், அதையும் அவர்கள் முன் வைத்தார் மகரிஷி. அனைத்தையும் வழங்கிவிடும் விஸ்வஜித் யாகமாகவே அதை அவர் எண்ணினார். அந்த நேர்மையில் நெகிழ்ந்த அவர்கள் அவகாசம் அளித்தனர். பின்னர் கடன்கள் தீர்க்கப்பட்டன.

சடங்கின் ஆடம்பரத்தையும் செல்வத்தின் செருக்கையும் இந்நூல் கண்டிக்கிறது. எனினும் கண்டனம் முதலில் விழுவது எழுதியவரின் குடும்பத்தின் மீதே; அதற்கான விலையைக் கொடுத்தவரும் அவரே. ஆகவேதான் அச்சொற்களுக்கு வலிமை உண்டு.

1856-இல் உலகைத் துறக்கும் எண்ணத்துடன் புறப்பட்டு இமயத்தை அடைந்தார். அங்கே தூய நதியொன்று, சமவெளியின் சேற்றில் கலங்கப்போவதை அறிந்தும் நிலத்தை வளப்படுத்தக் கீழ்நோக்கி விரைவதைக் கண்டார். தாமும் இறங்கிச் சென்று, பெற்றதைப் பிறருக்கு அளிக்க வேண்டும் என்ற ஆணை உள்ளத்தே ஒலித்தது. 1858-இல் கல்கத்தா திரும்பினார். நூல் அத்துடன் நிறைவு பெறுகிறது.

தன்னை ஆராய்பவன் தனிமையிலேயே தங்கிவிடலாம். சமூகத்தைத் திருத்த முனைபவன் தன்னை மறந்துவிடலாம். இவ்விரு குறைகளும் அணுகாத வாழ்க்கை எத்தகையது என்பதை இந்தச் சிறு நூலில் காண்கிறோம்.