எல்லை கடந்த வைரங்கள்

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் நம் நினைவில் எழுவோர் பதினாறாம் லூயியும் ரோபஸ்பியரும்தாம். வரலாற்று மாணவனாகிய என் நெஞ்சை விட்டு அகலாதவரோ து பாரி சீமாட்டி!

1743-இல் எளிய தையற்காரி ஒருத்தியின் மகளாகப் பிறந்தவர் அவர். பேரழகு அவரைப் பதினைந்தாம் லூயி மன்னரின் ஆசைநாயகியாக்கியது. மக்கள் கட்டிய வரி, வைரமாகவும் முத்தாகவும் அவர் காலடியில் குவிந்தது. 1774-இல் மன்னர் மறைந்தார். பின்னர் லூவெசியென் மாளிகையே சீமாட்டியின் உலகமாயிற்று.

1789-இல் பாஸ்டில் சிறை வீழ்ந்தது. இளவரசர்களும் பிரபுக்களும் நகைப் பேழைகளோடு எல்லை கடந்தனர். சீமாட்டி புறப்படவில்லை; அவருடைய நகைகள் முந்திக்கொண்டன! 1791 ஜனவரியில் மாளிகையில் களவுபோன அவை, அடுத்த மாதமே லண்டனில் அகப்பட்டன. மீட்பு வழக்கோ முடியாமல் நீண்டது. அதற்காகப் பலமுறை கடல் கடந்தார். அங்கே நாடு துறந்த பிரபுக்களோடு பழகினார். தம் வங்கியாளர் வாண்டனிவர் மூலம் அத்தகையோருக்குப் பணமும் உதவினார்.

1792-இல் நாட்டை விட்டு வெளியேறியோரின் சொத்துகளைப் பறிக்கச் சட்டங்கள் வந்தன. அப்போது லண்டனில் இருந்த சீமாட்டி அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் மாளிகை பறிபோகுமே! 1793 மார்ச்சில் திரும்பினார். செல்வம் இரு கரையிலும் இருந்தது; உயிர் ஒன்றுதானே?

செப்டம்பரில் கைதானார். களவே ஒரு நாடகம், செல்வத்தை அயல்நாட்டுக்குக் கடத்தவே அது நடந்தது என்று குற்றம் சாட்டினர். எதிர்ச்சாட்சி சொன்னவர்களுள் ஒருவர் சமோர். வங்காளத்திலிருந்து சிறுவனாகக் கொண்டுவரப்பட்டு, சீமாட்டியிடம் விளையாட்டுப் பொம்மைபோல் வளர்ந்தவர். அவரை நன்றிகெட்டவர் என்பாரும் உளர். எனக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை. பட்டாடை உடுத்தினாலும் அடிமை அடிமைதானே!

சாவதற்குச் சற்று முன்னர், மாளிகையில் புதைத்திருந்த பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லி உயிர்ப்பிச்சை கேட்டார் சீமாட்டி. எழுதிக்கொண்டார்கள், உயிரை விடவில்லை. 1793 டிசம்பர் 8 அன்று கில்லட்டின் அவர் கழுத்தில் இறங்கியது. வாண்டனிவரும் அவர் மைந்தர் இருவரும் உடன் மாண்டனர்.

1795-இல் அந்த வைரங்கள் லண்டனில் ஏலம் போயின. சீமாட்டியை அவை காக்கவில்லை. அவர் தலை வீழ்ந்ததால், வரி கட்டிய உழவனுக்கு அவை திரும்பவுமில்லை. நண்பர்களே, மக்களின் வியர்வை எல்லை கடந்துவிட்டால், எந்தக் கில்லட்டினாலும் அதை மீட்க முடியாது. கடக்குமுன் காப்பதே அரசுக்கு அறம்!